பைக்கு அடியில் அரிப்பும் சிவப்பும்: ஸ்டோமா உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வயிற்றில் பை வைத்து வாழ்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் நான். பையை அளந்து வெட்டி ஒட்டக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிட்டால் பெரும்பாலானவர்கள் தாமாகவே சமாளித்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்ப வாசலில் வந்து நிற்பவர்களில் பலர் ஏற்கெனவே சொரியாசிஸோ கரப்பானோ உள்ளவர்கள், அல்லது குடல் அழற்சி நோயோடு தோலிலும் புண் வருகிறவர்கள். அவர்களுடைய சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றே. பத்து முறை சொன்னதைப் பதினோராவது முறை தொலைபேசியில் சொல்லும்போது முக்கியமான ஏதோ ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைத்தேன்.

ஸ்டோமா என்று நான் சொல்வது, வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்திருக்கும் குடலின் வாயை. தட்டு என்பது தோலில் ஒட்டிக்கொள்ளும் பகுதி. அதில்தான் பை தொங்குகிறது.

அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஸ்டோமா இன்னும் புண் மாதிரி சிவப்பாகவே இருக்கிறது. எப்போது ஆறும்?

அது புண் அல்ல, ஆறவேண்டியதும் இல்லை. உங்கள் உதட்டின் உட்புறத்தைப் போல ஈரமாக, சிவப்பாக இருப்பதுதான் ஸ்டோமாவின் இயல்பு. துடைக்கும்போது ஒன்றிரண்டு சொட்டு இரத்தம் வந்தாலும் பயப்பட வேண்டாம். கறுத்தாலோ நீலம் பாய்ந்தாலோதான் உடனே அறுவை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கவனிக்க வேண்டியது அதைச் சுற்றியுள்ள தோலை. அதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஸ்டோமா வலப்பக்கம் என்றால், இடப்பக்க வயிற்றுத் தோல் எப்படி இருக்கிறதோ அப்படியே இந்தப் பக்கமும் இருக்க வேண்டும். “பை வைத்தால் கொஞ்சம் எரியத்தான் செய்யும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எரியக் கூடாது.

பைக்கு அடியில் எரிகிறது, அரிக்கிறது. இது எனக்கு முன்பே இருக்கும் சொரியாசிஸா, பையின் அலர்ஜியா, வேறு எதுவுமா?

மருந்தின் பெயரை யோசிப்பதற்கு முன் தடிப்பின் வடிவத்தைப் பாருங்கள். ஸ்டோமாவை ஒட்டி, பெரும்பாலும் அதன் கீழ்ப்பக்கமாக, வழிந்த தடம்போல் தோல் சிவந்து ஈரமாக இருந்தால் அது கசிவு. தட்டு எவ்வளவு அகலமோ அதே அகலத்துக்கு, ஓரம் வெட்டிவைத்ததுபோல் சிவந்து அரித்தால் அலர்ஜியாக இருக்கலாம். தட்டின் எல்லையைப் பொருட்படுத்தாமல் உள்ளேயும் வெளியேயும் திட்டுத்திட்டாக, தெளிவான ஓரத்தோடு இருந்தால் சொரியாசிஸ். பெரிய சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெறித்தாற்போல் இருந்தால் பூஞ்சை.

பையின் மேல்தான் எல்லோருக்கும் முதல் சந்தேகம். ஆனால் 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான, 325 பேரைப் பற்றிய ஆய்வில் உண்மையான ஒவ்வாமை 0.7 விழுக்காடுதான். கசிவால் வந்த எரிச்சல் 42 விழுக்காடு. சொரியாசிஸ், எக்சிமா (கரப்பான்) போன்ற பழைய தோல்நோய்கள் 20 விழுக்காடு. ஆகவே கம்பெனியை மாற்றுவதற்கு முன் தட்டைக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மலம் புகுந்து கரைந்த தடம் இருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். சொரியாசிஸ் என்றால் வெள்ளிச் செதில் உதிரும் என்று எல்லோருக்கும் தெரியும். பைக்கு அடியில் ஈரமும் மூடலும் இருப்பதால் செதில் நிற்காது. வழவழப்பான சிவப்புத் திட்டாக மட்டும் தெரியும். மருத்துவர்களே சில நேரம் பூஞ்சை என்று நினைத்துவிடுகிறார்கள். அப்போது தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், முழங்கையில், தொப்புளில், நகத்தில் தேட வேண்டும். நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

எல்லோரும் “சிவந்தால் வாருங்கள்” என்கிறீர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் கறுப்பு. அம்மாவுக்குச் சிவந்ததே தெரியவில்லை. எதைப் பார்ப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பாடப்புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான் இருக்கிறது. நம் தோலில் அழற்சி ஊதாவாக, சாம்பல் கலந்த கறுப்பாக, சில நேரம் வெறும் மினுமினுப்பாகத் தெரியும். எனவே கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மறுபக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா?

இன்னொன்று, நோய் ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அது நோய் அல்ல. அதைப் போக்குவதற்காக மருந்தை நீட்டிக்கொண்டே போகாதீர்கள்.

முப்பது வருடமாக முழங்கையில் மட்டும்தான் சொரியாசிஸ். வயிற்றில் வந்ததே இல்லை. அறுவைக்குப் பிறகு ஸ்டோமாவைச் சுற்றி வந்துவிட்டது. டாக்டர் ஏதோ தவறு செய்துவிட்டாரா?

இல்லை. சொரியாசிஸ் உள்ளவர்கள் சிலரின் தோல், காயப்பட்ட இடத்தில் அந்த நோயை வரவழைத்துக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த ஜெர்மன் தோல் மருத்துவர் ஹைன்ரிக் கோப்னரின் பெயரால் இதைக் கோப்னர் விளைவு என்கிறார்கள். கத்தி பட்ட தழும்பு ஒரு காயம். தட்டை வெடுக்கென்று பிய்ப்பது ஒரு காயம். சவரக்கத்தியால் மயிரை மழிப்பது ஒரு காயம். மலம் கசிந்து அரிப்பதும் காயம்தான்.

நம் ஊரில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இன்னும் இரண்டு உண்டு: பாவாடை நாடா, அரைஞாண் கயிறு. நாடா தட்டின் விளிம்பின்மேல் இறுகி நாள் முழுவதும் உரசுகிறது. திட்டு நாடாவின் கோட்டிலேயே வளர்வதைப் பார்த்திருக்கிறேன். அகலமான எலாஸ்டிக் வைத்த பாவாடைக்கு மாறியவர்களுக்குப் பாதிப் பிரச்சினை குறைந்தது. அரைஞாண் கயிற்றை அவிழ்க்க மனம் வராதவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஸ்டோமாவுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்கிறேன். மயிர் அடர்த்தியாக இருந்தால் கத்தரிக்கோலால் கட்டையாக நறுக்குங்கள், மழிக்காதீர்கள்.

தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். தடவினால் தட்டு ஒட்டவே இல்லை. தடவாவிட்டால் அரிப்பு தாங்கவில்லை. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். களிம்பில் கொழுப்பு இருக்கிறது. தட்டின் பசைக்குக் கொழுப்பு ஆகாது. தட்டு தூக்கிக்கொள்ளும், மலம் கசியும், கசிவு தோலை அரிக்கும், அரித்த இடத்தில் சொரியாசிஸ் இன்னும் பரவும். நோய்க்குப் போட்ட மருந்தே நோயை வளர்க்கும். கையிலும் காலிலும் தடவச் சொல்லும் பழக்கத்தில் மருத்துவர் எழுதிவிடுகிறார். அவர்மீதும் முழுக் குற்றம் இல்லை. பை வைத்தவர்கள் அவரிடம் அடிக்கடி வருவதில்லை.

மருந்து தவறல்ல, அதன் வடிவம்தான் தவறு. தலையில் தடவுவதற்கென்று, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு லோஷன்கள் இருக்கின்றன. தண்ணீர்போல் இருக்கும், உலர்ந்தால் பிசுபிசுப்பு இருக்காது. “இதே மருந்து லோஷனாகவோ ஜெல்லாகவோ கிடைக்குமா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். தட்டை மாற்றும்போது தோலைக் கழுவி, ஒற்றி உலர்த்தி, மருத்துவர் சொன்ன அளவை மட்டும் தடவி, முழுதாகக் காயும்வரை பொறுங்கள். மின்விசிறிக்கு அடியில் ஐந்து பத்து நிமிடம் ஆகும். பிறகு ஒட்டுங்கள். ஆஸ்துமாவுக்கு வரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தோலில் அடிக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. சீட்டில் அதைப் பார்த்துவிட்டுத் தவறாக எழுதிவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

லோஷனில் பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும். தோல் உரிந்து நீர் கசிகிற இடத்தில் பட்டால் உயிர் போய்வரும். அந்த நிலையில் முதலில் ஈரத்தை உறிஞ்சும் ஸ்டோமா பொடியை மெல்லத் தூவி, ஒட்டாத மிச்சத்தைத் தட்டிவிட்டு, அதன்மேல் தட்டை ஒட்டி இரண்டு மூன்று நாளில் ஈரத்தைக் கட்டுப்படுத்துங்கள். லோஷன் அதற்குப் பிறகு. களிம்பைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், தட்டைக் கழற்றியதும் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, பிசுக்கு போகக் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டலாம். அந்த அரை மணி நேரம் ஸ்டோமா சும்மா இருக்காது என்பதால் மடியில் பழைய துண்டு தேவைப்படும்.

ஸ்டீராய்டு போட்டால் தோல் காகிதம் மாதிரி ஆகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போடலாமா?

போடலாம், அளவோடு. பக்கத்து வீட்டார் சொன்னதில் உண்மை இருக்கிறது. நீண்ட நாள் போட்டால் தோல் மெலியும், இரத்தக்குழாய் தெரியும், எளிதில் கிழியும். பைக்கு அடியில் இது இன்னும் விரைவாக நடக்கும். மூடிவைத்த தோல் மருந்தைக் கூடுதலாக உறிஞ்சும். முழங்கையில் மூன்று மாதம் தாங்கும் மருந்தை வயிற்றில் அப்படிப் போட முடியாது.

வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரம், பிறகு குறைப்பது, அடங்கியதும் நிறுத்துவது என்றுதான் எழுதித்தருவார்கள். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். “நன்றாக இருக்கிறதே, தொடரலாம்” என்ற இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள்.

மருந்துக்கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் சரியாகிவிட்டது. நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. ஏன்?

அந்த டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று, சிலவற்றில் நான்காவதாக இன்னொன்று. எது நோயோ அதில் படட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிவது போன்றது இது. ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும். இருப்பது பூஞ்சையென்றால், மேலே அமைதியாகத் தெரிய உள்ளே அது பரவிக்கொண்டிருக்கும். பிறகு வரும் மருத்துவருக்கும் உண்மை உருவம் தெரியாது.

பூஞ்சை என்று உறுதியானால் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து பொடியாகவே கிடைக்கிறது. களிம்பைப்போல ஒட்டுதலைக் கெடுக்காது. மெல்லத் தூவித் தட்டிவிட்டால் போதும்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், வெட்பாலைத் தைலம். இவற்றில் எதைப் போடலாம்? எல்லாம் இயற்கைதானே?

வெட்பாலைத் தைலம் சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படைக்கு, அதாவது இந்தச் சொரியாசிஸுக்கு, நெடுங்காலமாகத் தரப்படுவதுதான். அதை இகழ்வதற்கு நான் ஆள் இல்லை. முழங்காலில், முதுகில் போட்டு வந்தால் உங்கள் சித்த மருத்துவர் சொற்படி தொடருங்கள். தட்டுக்கு அடியில் மட்டும் வேண்டாம். காரணம் மேலே சொன்ன அதே எண்ணெய்க் கதைதான். பசைக்கு இயற்கை எண்ணெய், செயற்கை எண்ணெய் என்ற பேதம் தெரியாது.

மஞ்சளைக் குழைத்துப் பூசிவந்த தாத்தா ஒருவருக்குத் தோலின் நிறமே தெரியாமல் போய், நான் கழுவித் துடைத்த பிறகுதான் அடியில் ஒரு புண் இருப்பது தெரிந்தது. முகப்பவுடர், டெட்டால், சாவ்லான், தட்டின் பிசினை எடுக்க மண்ணெண்ணெய் ஆகியவற்றையும் பார்த்துவிட்டேன். எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

பிசின் என்றதும் ஒரு நினைவு. 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர் ஸ்டோமாவைச் சுற்றிய தோலைக் காக்கப் பயன்படுத்தியது கராயா பிசின். அது இந்தியக் காட்டு மரம் ஒன்றிலிருந்து எடுப்பது. இயற்கைப் பொருள் வேண்டும் என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்வேன்: நம் மரப்பிசின் எப்போதோ இந்தத் துறைக்குள் வந்துவிட்டது, ஆனால் பதப்படுத்தி, அளந்து.

கத்தரிக்காய், கருவாடு, நண்டு எல்லாம் நிறுத்திவிட்டேன். இன்னும் அரிப்பு போகவில்லை. வேறு எதை நிறுத்த வேண்டும்?

எதையும் நிறுத்த வேண்டாம், கத்தரிக்காயைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட உணவு சாப்பிட்டவுடன் உடம்பெல்லாம் தடிக்கிறவர்களுக்கு அது வேறு விஷயம். மற்றபடி கத்தரிக்காயால் சொரியாசிஸ் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. சிறுகுடல் ஸ்டோமா உள்ளவர் பத்தியம் என்ற பெயரில் மெலிந்துபோனால் வயிற்றின் கொழுப்புக் கரைந்து மடிப்பு விழும், மடிப்பில் தட்டு ஒட்டாது.

உணவில் பார்க்க வேண்டியது மலத்தின் பதம். சிறுகுடல் ஸ்டோமாவிலிருந்து வருவதில் செரிமான நொதிகள் இருக்கின்றன, அதோடு அது காரத்தன்மை உடையது. நம் தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது. நீர்த்து வந்தால் தட்டுக்கு அடியில் புகுந்து தோலையே செரிக்கத் தொடங்கும். சோறு, வாழைப்பழம், ஜவ்வரிசி பதத்தைக் கெட்டியாக்கும். நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீராகப் போனால் அது தோல் பிரச்சினையைத் தாண்டிய விஷயம். உப்புச் சர்க்கரைக் கரைசலோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

தோல் கெட்டுப்போவதால் தினமும் தட்டைக் கழற்றிக் கழுவி மாற்றுகிறேன். சுத்தம் நல்லதுதானே?

சுத்தம் நல்லது, தினமும் பிய்ப்பது நல்லதல்ல. ஒவ்வொரு முறையும் பசையோடு தோலின் மேல் அடுக்கும் கொஞ்சம் வந்துவிடுகிறது. சிகிச்சைக்காக மருத்துவர் தினமும் மாற்றச் சொன்ன நாட்களைத் தவிர, கசியாத தட்டை மூன்று நான்கு நாள் விட்டுவைக்கலாம். கசிந்தால் மட்டும் நள்ளிரவானாலும் உடனே மாற்றுங்கள். மேலே பிளாஸ்டர் ஒட்டிக் காலைவரை தள்ளிப்போடுவதைப்போலத் தோலைக் கெடுப்பது வேறில்லை.

கழற்றும்போது பையை இழுக்காதீர்கள். ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மேலிருந்து கீழாகத் தோலைத் தட்டிலிருந்து விலக்குங்கள். காலையில் எழுந்ததும், காபிக்கு முன் செய்தால் ஸ்டோமா பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். துளையை ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். அறுவைக்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரம்வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். மருத்துவமனையில் கொடுத்த பழைய அளவு அட்டையை ஓர் ஆண்டாக வைத்து வெட்டி, சுற்றிலும் ஒரு விரல் அகலத் தோலை மலத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மருந்தே தேவைப்படவில்லை, ஓர் அளவுகோல்தான் தேவைப்பட்டது.

கத்திரி வெயிலில் தட்டு ஒரு நாள்கூட நிற்பதில்லை. வேர்க்குரு வேறு.

அந்த நாட்களில் மாற்றும் இடைவெளி குறையத்தான் செய்யும், மனம் நோக வேண்டாம். ஒட்டுவதற்கு முன் வியர்வை அடங்கும்வரை மின்விசிறியில் உட்காருங்கள். ஒட்டிய பின் உள்ளங்கையை ஐந்து நிமிடம் மேலே வைத்துச் சூடேற்றுங்கள். பையின் பிளாஸ்டிக் தோலில் படாமல் மெல்லிய பருத்தித் துணியில் உறை தைத்துப் போடுங்கள். பழைய வேட்டித் துணி இதற்கு அருமையானது.

மருமகளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. என் தோல்நோய் தொற்றிவிடுமா? அவர்கள் தயங்குகிறார்கள்.

சொரியாசிஸும் எக்சிமாவும் தொற்றாது. தொட்டாலும், தூக்கினாலும், ஒரே பாயில் படுத்தாலும் தொற்றாது. கீழே சொல்லப்போகும் பயோடெர்மா புண்ணும் தொற்றாது. பூஞ்சைப் படை மட்டும் ஒரே துண்டைப் பகிர்ந்தால் பரவலாம். இந்தப் பத்தியை மருமகளிடம் காட்டுங்கள், குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள்.

சின்னப் பருவாகத்தான் வந்தது. ஒரே வாரத்தில் பள்ளமான புண் ஆகிவிட்டது. வலி உயிரை எடுக்கிறது. சீழ் என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், கேட்கவில்லை.

இதற்கு இந்தப் பக்கத்தை மேலும் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பயோடெர்மா கேங்ரினோசம் என்ற நோயாக இருக்கலாம். பெயரே குழப்பம். 1930இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதை விவரித்தவர்கள் சீழ்க்கிருமிகளின் வேலை என்று எண்ணிப் பெயர் வைத்தார்கள். உண்மையில் இது கிருமித் தொற்றும் அல்ல, தசையழுகலும் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்குவது. ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குடல் அழற்சி நோயோ மூட்டுவாதமோ இரத்த நோயோ கூடவே இருக்கும். எனவே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்களுக்காக ஸ்டோமா வைத்தவர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அடையாளங்கள்: புண்ணின் அளவுக்குப் பொருந்தாத வலி, நாளுக்கு நாள் விரியும் வேகம், ஊதா அல்லது சாம்பல் கறுப்பில் ஓரம், ஓரத்துக்கு அடியில் பொந்துபோல் குடைந்திருப்பது. இதில் ஒரு பொல்லாத குணம் உண்டு. காயப்படுத்தினால் பெரிதாகும். சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறினால், அழுகியது என்று நினைத்துச் சுரண்டினால், மறுநாள் இரண்டு மடங்காகி நிற்கும். ஆகவே யாராவது கத்தியை எடுப்பதற்கு முன் “எனக்குக் குடல் அழற்சி நோய் இருக்கிறது, இது பயோடெர்மாவாக இருக்குமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிகிச்சை ஸ்டீராய்டிலிருந்து தொடங்குகிறது: மேலே தடவுவது, ஓரத்தில் ஊசி, மாத்திரை. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், இன்ஃப்ளிக்சிமாப் என்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் வேறு மருந்துகளும் உண்டு. ஆறும், ஆனால் வாரங்களும் மாதங்களும் பிடிக்கும்.

எங்கள் தொழிலின் முன்னோடியான அமெரிக்கர் நார்மா கில்லுக்கே அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் இந்தப் பயோடெர்மாவும் இருந்தன. 1954இல் அவருக்குச் சிறுகுடல் ஸ்டோமா வைத்தவர் மேலே சொன்ன டர்ன்புல். 1958இல் அவரையே வேலைக்கு அழைத்து மற்ற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். ஸ்டோமா பராமரிப்பு என்ற தனித்தொழில் பிறந்தது அங்கேதான். தோல் புண்ணோடு என்னிடம் வந்து அழுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

குரோன்ஸுக்கு உயிரியல் ஊசி போட ஆரம்பித்தேன். குடல் நன்றாகிவிட்டது. ஆனால் இதுவரை இல்லாத சொரியாசிஸ் வந்துவிட்டது. அந்த ஊசி சொரியாசிஸுக்கும் தருவதுதானாமே?

ஆமாம், அதுதான் வேடிக்கை. இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற உயிரியல் ஊசிகள் சொரியாசிஸையும் அடக்குகின்றன, சிலருக்கு அதை வரவழைக்கவும் செய்கின்றன. உள்ளங்கை, பாதம், தலையில் கூடுதலாக வரும். பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், குடல் மறுபடி கிளம்பிவிடும். பெரும்பாலும் தோலுக்கு மேல்பூச்சு மருந்து கொடுத்துக்கொண்டே ஊசியைத் தொடர முடிகிறது. முடியாவிட்டால் வேறு வகைக்கு மாற்றுவார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. சொரியாசிஸுக்குத் தரும் செக்குகினுமாப் போன்ற சில ஊசிகள் குரோன்ஸைக் கிளறிவிடக்கூடும். தோல் மருத்துவருக்கு உங்கள் குடலைப் பற்றியும், குடல் மருத்துவருக்கு உங்கள் தோலைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். எந்த உயிரியல் ஊசிக்கும் முன் காசநோய்ப் பரிசோதனை நம் நாட்டில் தவிர்க்கவே கூடாதது.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிறுகுடல் ஸ்டோமா. சில மாத்திரைகள் முழுதாகவே பையில் வந்து விழுகின்றன. வேலை செய்யுமா?

முழுதாக வருபவை பெரும்பாலும் மெல்லக் கரையும் வகை அல்லது மேலுறை பூசிய வகை. உங்கள் குடலின் நீளம் அவற்றுக்குப் போதாது. வெளியே வந்ததைப் படம் எடுத்துக் காட்டுங்கள், சாதாரண வகையோ திரவமோ மாற்றித் தருவார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் அந்த வகை அல்ல.

அதில் வேறு இரண்டு ஆபத்துகள். ஒன்று, தோல்நோய்க்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. கிழமையை அட்டைமேல் எழுதி ஒட்டுங்கள். இரண்டு, அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. வயிற்றுப்போக்கில் உடல் வறண்டால் மருந்து உள்ளேயே தேங்கும். பை தண்ணீராக நிரம்பும் வாரத்தில் மாத்திரையைப் போடுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் எச்சரிக்கை இதற்கு நேர்மாறு. திடீரென்று நிறுத்தினால் சொரியாசிஸ் சீழ்க்கொப்புளங்களாக வெடிக்கக்கூடும். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

ஸ்டோமாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

ஸ்டோமா மடிப்பில் அமைந்தோ உள்ளே அமுங்கியோ அதனால் கசிகிறது என்றால் இடமாற்றம் உதவலாம். அதற்கு முன், ஸ்டோமாவைச் சற்று வெளியே தள்ளும் குவிந்த வகைத் தட்டையும் இடுப்பு பெல்ட்டையும் போட்டுப் பாருங்கள். சொரியாசிஸ் மட்டும் காரணமென்றால் புதிய இடத்திலும் வரலாம், காரணம் கோப்னர் கேள்வியில் இருக்கிறது. பயோடெர்மாவென்றால் புதிய வெட்டே புதிய புண்ணைக் கொண்டுவரலாம். அங்கே நோயை அடக்கிவிட்டுத்தான் அறுவை பற்றிப் பேச்சு. தற்காலிக ஸ்டோமாவை மூடிவிட முடிந்தவர்களுக்குப் பயோடெர்மா ஆறிவிடுவதும் உண்டு.

ஒழுங்காக எல்லாம் செய்தும் ஒன்றரை மாதமாக ஆறவில்லை. தோல் டாக்டரிடம் போகப் போகிறேன். என்ன கேட்பது, என்ன எடுத்துப்போவது?

ஆறு வாரத்தில் ஆறாத எதற்கும் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். அரிதாகப் புற்றுநோயே புண்ணாகவோ காளான்போல் வளர்ச்சியாகவோ ஸ்டோமா ஓரத்தில் வருவதுண்டு. பயோடெர்மா சந்தேகம் இருக்கும்போது துண்டெடுப்பதும் ஒரு காயம்தான், ஆனாலும் மற்ற நோய்களை விலக்க அது தேவைப்படும். அந்த முடிவு அவருடையது.

பல பேர் சொல்லும் குறை, “பையைக் கழற்றாமலே பார்த்து மருந்து எழுதிவிட்டார்” என்பது. அதற்கு நாமும் காரணம். மாற்றுப் பை இல்லாமல் போனால் அவர் எப்படிக் கழற்றுவார்? இரண்டு தட்டு, இரண்டு பை, வளைந்த கத்தரிக்கோல், ஈரம் ஒற்றத் துணி, கழற்றியதைப் போட மூடி கட்டும் பிளாஸ்டிக் உறை, இதுவரை போட்ட எல்லா டியூப்களும் (காலியானவையும் சேர்த்து), கடைசியாகக் கழற்றிய தட்டின் பின்பக்கப் படம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வரிசையில் காத்திருக்கும்போதே உதவியாளரிடம் “எனக்குப் பையைக் கழற்றிக் காட்ட வேண்டும், படுக்கை உள்ள அறை வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். முந்தின இரவு களிம்பு எதுவும் தடவாதீர்கள். கிளம்புவதற்கு முன் அதிகம் சாப்பிடவும் வேண்டாம்.